ஒரே படத்திலிருந்து அறையின் 3டி: சுவர் புடைக்கிறது, மேசை ஓரம் இழுபடுகிறது

வரைகோல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. இடிக்கப்பட்டுவிட்ட ஓர் அறையின் 3டி வடிவத்தை, கைவசம் உள்ள ஒரே ஒரு படத்திலிருந்து எடுக்க வேண்டும். வேறு கோணத்தில் படம் கிடையாது. எனவே "இன்னும் நாலு படம் எடுங்கள்" என்ற யோசனைக்கு வழியில்லை.

படம் 4000×3000, வெட்டப்படவில்லை. போனின் சாதாரண லென்ஸ். எக்ஸிஃபில் (படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் தகவல்) 35 மிமீ நிகர் குவியத்தூரம் 26 என்று இருக்கிறது. பின்சுவர் கேமராவுக்கு நேர் எதிரே நிற்கிறது, அதில் திறந்த ஜன்னல். தரையில் 60 செமீ சதுர டைல்ஸ். முன்னால் ஒரு மேசை. இடப்பக்கச் சுவரில் ஆளுயர நிலைக்கண்ணாடி.

ஒரே படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் டெப்த் எனிதிங் வி2 லார்ஜ் மாடலில் ஓட்டி, டெப்த் மேப்பைக் (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம் என்று காட்டும் படம்) கறுப்பு வெள்ளை பிஎன்ஜியாகச் சேமித்தேன். வெள்ளை கிட்ட, கறுப்பு தூரம் என்பதால் மதிப்பை 0 முதல் 1 ஆக்கி, ஆழம் = 6 × (1 − மதிப்பு) என்று போட்டேன். பிறகு பைத்தானில் ஒவ்வொரு பிக்சலையும் விரித்து ஓப்பன்3டி நிரலகத்தில் பாயிண்ட் கிளவுட் (3டி புள்ளிகளின் திரள்) ஆக்கினேன். குவியத்தூரத்துக்கு 26 × 4000 ÷ 36 = 2889 பிக்சல்.

வந்தது இது:

1. பக்கச்சுவர்கள் நடுவில் வெளியே புடைத்து, பின்சுவரை நெருங்கும்போது உள்ளே வளைகின்றன. தரையும் நடுவில் தொய்கிறது.
2. தரையும் சுவரும் வழவழப்பாக இல்லை, தட்டுத் தட்டாக இருக்கின்றன.
3. மெஷ் (முக்கோணங்களால் ஆன பரப்பு) ஆக்கினால் மேசை ஓரத்திலிருந்து பின்சுவர் வரை ஒரு சவ்வு இழுபடுகிறது.
4. நிலைக்கண்ணாடி இருக்கும் இடத்தில் சுவருக்குள் பெரிய குழி.

மாடலை மாற்ற வேண்டுமா, அல்லது கணக்கில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

---

புள்ளித்திரள்

மாடல் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. நீங்கள் சொல்லும் புடைப்பின் வடிவமே அதற்குச் சாட்சி.

டெப்த் எனிதிங்கின் சாதாரண மாடலும், அதற்கு முந்தைய மைடாஸும் ஆழத்தைத் தருவதில்லை. ஆழத்தின் தலைகீழியை, அதாவது 1 ÷ ஆழம் என்பதைத் தருகின்றன. அதுவும் நேராக அல்ல. தெரியாத ஓர் எண்ணால் பெருக்கி, தெரியாத ஓர் எண்ணைக் கூட்டியது போல:

1 ÷ ஆழம் = பெருக்கி × மதிப்பு + நகர்வு

இந்த இரண்டும் படத்துக்குப் படம் மாறும். நீங்கள் தலைகீழியை நேர்கோட்டில் கவிழ்த்து ஆழம் என்று எடுத்துக்கொண்டதால், நேரான சுவர் பரவளையமாகிவிட்டது. கேமரா அச்சுக்கு இணையான ஒரு சுவரை எடுத்து எழுதிப் பாருங்கள்: பக்கவாட்டுத் தூரம் ஆழத்தின் இருபடிச் சார்பாக வரும். கிட்டத்தில் குறுகி, நடுவில் அகன்று, கடைசியில் மறுபடி குறுகும். நீங்கள் வருணித்த உருவம் அதுவே.

முதலில் ஆழம் = 1 ÷ மதிப்பு என்று மாற்றிப் பாருங்கள். நகர்வை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்து, பிஎன்ஜி. 8 பிட் படத்தில் 256 படிகள்தான். இப்போதைய கணக்கில் ஒரு படி 6 ÷ 255, அதாவது 2.4 செமீ. தலைகீழியைச் சரியாகப் பிரித்த பிறகு தூரத்தில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் படியின் அளவு ஆழத்தின் வர்க்கத்தோடு வளரும். மாடல் தரும் மிதவைப்புள்ளி எண்களை அப்படியே நம்பை (பைத்தானின் எண் கணக்கு நிரலகம்) கோப்பாகவோ இஎக்ஸ்ஆர் படமாகவோ எழுதுங்கள். பிஎன்ஜிதான் வேண்டுமென்றால் 16 பிட். வண்ணம் பூசிய டெப்த் மேப்பிலிருந்து எண்ணை மீட்க முயல வேண்டாம். அது கண்ணுக்கு மட்டும்.

குவியத்தூரத்திலும் சின்னச் சிக்கல் உண்டு. 35 மிமீ நிகர் என்பது பெரும்பாலும் மூலைவிட்டத்தை வைத்துச் சொல்லப்படுவது. 36×24 சட்டகத்தின் மூலைவிட்டம் 43.27 மிமீ, உங்கள் படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். ஆகவே 26 × 5000 ÷ 43.27 = 3004 பிக்சல். 4:3 படத்தை அகலத்தால் வகுத்தால் 4% குறைவாக வரும். பிளெண்டர் 3டி மென்பொருளில் சென்சார் அகலம் 36 என்று வைத்திருந்தால், லென்ஸ் பெட்டியில் 26 போடாமல் 27.04 போடுங்கள். எக்ஸிஃப் எண்ணே முழு எண்ணாகத் திருத்தப்பட்டது என்பதால் அதில் 2% வரை பிழை இருக்கலாம். உங்கள் தரையில் டைல்ஸ் இருப்பதால் அதையும் சரிபார்த்துவிடலாம்.

---

குறுக்குவழி

இவ்வளவு எதற்கு? பிளெண்டரில் ஒரு பிளேனை நன்றாகச் சப்டிவைட் செய்து, டிஸ்பிளேஸ் மாடிஃபயரில் டெப்த் மேப்பைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. சுவர் வளையவும் வளையாது.

---

தொடுவானம்

வளையாது என்பது சரி. ஆனால் அறை புனலாகிவிடும்.

டிஸ்பிளேஸ் எல்லாப் புள்ளிகளையும் ஒரே திசையில், இணையாகத் தள்ளும். படத்தில் சிறியதாகத் தெரியும் பின்சுவர் 3டியிலும் சிறியதாகவே நிற்கும். புடைப்புச் சிற்பம் மாதிரி ஒன்று கிடைக்கும், அறை கிடைக்காது. கேமராவை இரண்டு மூன்று டிகிரி ஆட்டி வீடியோ எடுக்க அது தாராளமாகப் போதும். வரைகோல் கேட்பது அளவெடுக்கக்கூடிய வடிவம். அதற்கு ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து கிளம்பும் அதன் சொந்தக் கதிரின் மேல் நகர வேண்டும்:

பக்கவாட்டு = (நிரல் − மைய நிரல்) × ஆழம் ÷ குவியத்தூரம்

உயரத்துக்கும் இதே சூத்திரம், நிரலுக்குப் பதில் வரிசை.

பிளெண்டரில் டெப்த் மேப்பை நோடு வழியாக ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இமேஜ் நோடில் நிறவெளியை நான்-கலர் என்று மாற்றுங்கள். எஸ்ஆர்ஜிபி என்று விட்டால் காமா வளைவு (திரைக்காக ஒளிர்வை மாற்றும் சூத்திரம்) எண்களுக்குள் புகுந்து, நேரான தளத்தையும் வளைத்துவிடும்.

---

வரைகோல்

நன்றி. மிதவைப்புள்ளியில் எடுத்து, 1 ÷ மதிப்பு என்று மாற்றி, 3004 போட்டேன். தட்டுகள் மறைந்துவிட்டன. சுவர்கள் இப்போது அளவுகோல் வைத்தது போல நேர். ஆனால் அறை பின்னால் போகப் போக அகலமாகிறது. பின்சுவரிலிருந்து நான்கு டைல்ஸ் முன்னே உள்ள கோட்டில் அளந்த அகலத்தைவிடப் பின்சுவரில் 23% அதிகம். ஜன்னலுக்கு வெளியே உள்ள புள்ளிகள் எங்கோ ஓடிவிடுகின்றன.

டைல்ஸ் கோடுகளை நீட்டினால் கிட்டத்தட்ட படத்தின் நடுவில், நிரல் 2000, வரிசை 1500-இல் சேர்கின்றன. பின்சுவரின் அடி வரிசை 2251-இல் இருக்கிறது, அங்கே மதிப்பு 0.21. நான்கு டைல்ஸ் முன்னே, வரிசை 2752-இல் மதிப்பு 0.43. (மதிப்புகளை இப்போதும் 0 முதல் 1-க்குள் சுருக்கித்தான் வைத்திருக்கிறேன்.)

---

தொடுவானம்

தேவையான எல்லா எண்ணும் இதில் இருக்கிறது. கணக்கைப் போடுவதற்கு முன், எந்தக் கோணல் எதனால் வருகிறது என்பதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பாதி நேரத்தை இது மிச்சப்படுத்தும்.

நேரான சுவர் வளைந்தால்: ஆழத்துக்கும் மதிப்புக்கும் உள்ள உறவே தவறு. தலைகீழியை ஆழமாக எடுத்தது, காமா, அல்லது லென்ஸ் வளைவு.

சுவர் நேராக இருந்து, இணையாக இருக்க வேண்டியவை விரிந்தோ குவிந்தோ போனால்: நகர்வு தவறு. நீங்கள் இப்போது நிற்கும் இடம்.

இணையானவை இணையாகவே இருந்து, சதுரம் மட்டும் செவ்வகமானால், அல்லது செங்கோணம் 85, 95 என்று விலகினால்: குவியத்தூரம் தவறு.

எல்லாம் சரி, அளவு மட்டும் பெரிது சிறிது என்றால்: பெருக்கி.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. ஒரு தளத்தின் மேல் 1 ÷ ஆழம் என்பது நிரலுக்கும் வரிசைக்கும் நேர்கோட்டுச் சார்பு. அதோடு ஒரு மாறிலியைக் கூட்டினாலும் நேர்கோட்டுச் சார்பாகவே இருக்கும். எனவே தளம் தளமாகவே நிற்கும், சாய்வு மட்டும் மாறும். அதனால்தான் நகர்வுப் பிழை சுவரை வளைப்பதில்லை. (மாரிகோல்டு போலத் தலைகீழியைத் தராமல் ஆழத்தையே நகர்வோடு தரும் மாடல்களில் கதை வேறு, அங்கே நகர்வுப் பிழையும் வளைக்கும்.)

இப்போது நகர்வு. தரைத் தளம் அடிவானக் கோட்டில் முடிவிலியைத் தொடுகிறது. அங்கே 1 ÷ ஆழம் சுழியம். ஆகவே தரையின் மதிப்புகளை ஒரு நேர்கோட்டுச் சார்பாகப் பொருத்தி, அதை மறைபுள்ளி (இணைகோடுகள் படத்தில் சேரும் இடம்) வரை நீட்டினால் வரும் எண்தான் உண்மையான சுழியம். எதையும் அளக்க வேண்டியதில்லை.

உங்கள் எண்களில்: அடிவானம் 1500. பின்சுவர் அடி 751 பிக்சல் கீழே, மற்றது 1252 பிக்சல் கீழே. இடைவெளி 501 பிக்சலுக்கு மதிப்பு 0.22 கூடுகிறது. பிக்சலுக்கு 0.000439. அடிவானத்துக்கு நீட்டினால் 0.21 − 751 × 0.000439 = −0.12.

எனவே எல்லா மதிப்போடும் 0.12 கூட்டுங்கள். நீங்கள் 0 முதல் 1 ஆக்கியபோது மிகச் சிறிய மதிப்பு கழிக்கப்பட்டது; ஜன்னலுக்கு வெளியே உள்ள ஏதோ ஒன்று செயற்கையாக முடிவிலிக்குப் போய்விட்டது. புள்ளிகள் ஓடியதன் காரணமும் அதுவே.

பெருக்கி: ஆழம் = ம ÷ (மதிப்பு + 0.12) என்று வையுங்கள். நான்கு டைல்ஸ் 2.4 மீ.

ம ÷ 0.33 − ம ÷ 0.55 = 2.4

இதிலிருந்து ம = 1.98. பின்சுவர் 6.0 மீ, முன்கோடு 3.6 மீ. மேசையின் மதிப்பு 0.85 போல இருந்தால் அது சுமார் 2.04 மீட்டரில் இருக்கிறது. கேமராவின் உயரம் 6.0 × 751 ÷ 3004 = 1.5 மீ. நின்றபடி போனில் எடுத்த படத்துக்கு இது நம்பத்தக்க உயரம், இங்கே 0.7 என்றோ 2.6 என்றோ வந்திருந்தால் எங்கோ தப்பு என்று பொருள்.

23% எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள்: நகர்வு இல்லாமல் இரண்டு ஆழங்களின் விகிதம் 0.43 ÷ 0.21 = 2.05. உண்மையில் 6.0 ÷ 3.6 = 1.67. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.23.

இரண்டு புள்ளியை வைத்துச் செய்தது விளக்கத்துக்காக. நடைமுறையில் மேசை, நிழல், பளபளக்கும் இடங்களை விட்டுவிட்டுத் தரையை மாஸ்க் செய்து (அந்தப் பகுதியை மட்டும் குறித்து), அதில் சில ஆயிரம் பிக்சல்களை எடுத்து, மதிப்பு = அ × நிரல் + ஆ × வரிசை + இ என்று நம்பையின் மீச்சிறு வர்க்க முறையில் பொருத்துங்கள். ரான்சாக் என்ற பொருத்தும் முறையைப் போட்டால் விலகிய புள்ளிகள் தாமாகவே கழியும். பக்கச்சுவருக்கும் தனியாகப் பொருத்தி மறைபுள்ளியில் என்ன வருகிறது என்று பாருங்கள். தரை −0.12, சுவர் −0.11 என்றால் நிம்மதி. தரை −0.12, சுவர் −0.04 என்றால் மாடல் அந்தச் சுவரைத் தவறாகப் படித்திருக்கிறது. நிலைக்கண்ணாடி இருக்கும் இடச்சுவரில் இது நடக்கலாம்.

கடைசியாகக் குவியத்தூரம். உங்கள் படம் நேர் எதிரே பார்ப்பது என்பதால் ஒரே ஒரு மறைபுள்ளிதான் படத்துக்குள் அகப்படும். எஃப்ஸ்பை போன்ற கருவி குவியத்தூரத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மறைபுள்ளி வேண்டும். இங்கே டைல்ஸ் சதுரமாக இருப்பது கை கொடுக்கிறது: சதுரத்தின் மூலைவிட்டங்கள் 45 டிகிரியில் போகின்றன, அவற்றை நீட்டினால் அடிவானத்தில், மறைபுள்ளியிலிருந்து சரியாகக் குவியத்தூரம் அளவு தள்ளிச் சேரும். 3004 சரி என்றால் நிரல் −1004-இலும் 5004-இலும் சேர வேண்டும். டைல்ஸ் ஒவ்வொன்றாக மூலைவிட்டம் போடாமல், 4×4 டைல்ஸ் கொண்ட பெரிய சதுரத்துக்குப் போடுங்கள், பிழை குறையும். பழைய 2889-ஐ வைத்திருந்தால் 60 செமீ நீள டைல் 62.4 செமீ அகலமாகத் தெரிந்திருக்கும்.

அறை கோணலாகத் தெரியும் படங்களுக்கு: ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கிடைத் திசைகளின் மறைபுள்ளிகள் மையத்திலிருந்து அடிவானத்தின் மேல் இடப்பக்கம் 3610, வலப்பக்கம் 2500 பிக்சல் என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் குவியத்தூரம் 3004. அடிவானம் படத்தின் மையம் வழியே போகும்போது இந்தச் சுருக்கம் செல்லும். கிரிமினிசி, ரீட், ஸிஸர்மேன் மூவரும் ஒரே படத்தில் அளவெடுப்பதைப் பற்றி 1999-இல் எழுதியது முழுக்க இந்த வகைக் கணக்குதான். நியூரல் நெட்வொர்க் எதுவும் இல்லாமல்.

---

வரைகோல்

0.12 கூட்டியதும் சுவர்கள் இணையாகிவிட்டன. மூலைவிட்டங்கள் 5004-க்குப் பதில் 5040 பக்கம் சேர்கின்றன, 1% வித்தியாசம். இனி மேசைச் சவ்வும் கண்ணாடிக் குழியும்தான் பாக்கி.

---

கண்ணிவலை

1% என்றால் விட்டுவிடுங்கள். கோடு வரைவதிலேயே அவ்வளவு பிழை வரும்.

மெஷ்: 4000×3000 பிக்சலையும் புள்ளியாக்க வேண்டாம். 1.2 கோடி புள்ளி, அதன் இரு மடங்கு முக்கோணம். பயன் எதுவும் இல்லை. டெப்த் எனிதிங் உள்ளே குறுகிய பக்கத்தை 518 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. உங்களுக்குக் கிடைத்த டெப்த் மேப் ஏறக்குறைய ஆறு மடங்கு பெரிதாக்கப்பட்டது. 1000×750 கட்டம் எடுங்கள், 7.5 லட்சம் புள்ளி. டெக்ஸ்ச்சர் (மெஷ் மேல் போர்த்தும் படம்) மட்டும் முழு 4000×3000 இருக்கட்டும்.

சவ்வை வெட்டுதல்: வழக்கமான வழி, ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் பெரிய ஆழத்தைச் சிறிய ஆழத்தால் வகுத்து 1.05-க்கு மேல் போனால் அதை நீக்குவது. உங்கள் அறையில் இது போதும்: பின்சுவர் அருகே தரையில் அடுத்தடுத்த கட்டங்களுக்கு இடையே மாற்றம் 0.5% தான். ஆனால் திறந்தவெளிப் படத்தில் இதே விதி அடிவானத்தை ஒட்டிய தரையைச் சல்லடையாக்கிவிடும். அங்கே 1 ÷ ஆழத்தின் இரண்டாம் வேறுபாட்டை (அடுத்தடுத்த வேறுபாடுகளின் வேறுபாடு) பாருங்கள். மேலே சொன்னபடி தளத்தில் அது நேர்கோட்டுச் சார்பு, ஆகவே இரண்டாம் வேறுபாடு சுழியம். எவ்வளவு சாய்ந்த தரையானாலும் தப்பிக்கும், உண்மையான விளிம்பு மட்டும் அகப்படும்.

வெட்டிய பிறகும் மேசை ஓரத்தில் காற்றில் தொங்கும் புள்ளிகள் இருக்கும். மாடல் விளிம்பை ஒரு பிக்சலில் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவதால் வருவது. முழு அளவுப் படத்தில் 6 முதல் 12 பிக்சல் அகலப் பட்டை. மேசையின் மாஸ்க்கை அந்த அளவு உள்ளே சுருக்கி, பட்டையில் உள்ள ஆழத்தைத் தூக்கி எறிந்து, மாஸ்க்குக்குள் இருக்கும் அருகாமை மதிப்பால் நிரப்புங்கள். நிறத்துக்கு மூல மாஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம். மாஸ்க்கைக் கையால் வரைவது நல்லது. தானியங்கி மாஸ்க் மேசைக் கால்களை அடிக்கடி விட்டுவிடும்.

இனி மேசைக்குப் பின்னால் உள்ள ஓட்டை. இதற்கு ஆழத்தை ஊகிக்கும் கருவி தேவையில்லை. தரைக்கும் சுவருக்கும் தளச் சமன்பாடு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. மேசை மறைக்கும் பிக்சல்களுக்கும் அதையே போட்டால் ஆழம் துல்லியமாக வந்துவிடும். நிறத்தை மட்டும் இன்பெயின்ட் செய்ய (சுற்றியுள்ளதை வைத்து நிரப்ப) வேண்டும். இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம்: மாஸ்க்கைச் சரியாக மேசை அளவுக்கே வைத்தால் மேசை விளிம்பின் நிறம் தரையில் கசியும். நிறத்துக்கான மாஸ்க்கை 10 பிக்சல் வெளியே விரித்து, மேசையின் நிழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிழலை விட்டால் மேசையை நகர்த்தியதும் தரையில் ஆளில்லா நிழல் நிற்கும்.

நிலைக்கண்ணாடியும் அதே வழிதான். மாடல் பிரதிபலிப்பை உண்மையான வெளி என்று நம்பி உள்ளே தோண்டியிருக்கிறது. சட்டத்தோடு சேர்த்து மாஸ்க் செய்து, இடச்சுவரின் தளத்தை அங்கே எழுதுங்கள். சுவரின் தளத்தைப் பொருத்தும்போது கண்ணாடிப் பகுதியை முன்பே விலக்கியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே உள்ளதைச் சுவர் மட்டத்திலிருந்து பிரித்துத் தனி அடுக்காக வையுங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். அந்தத் தூரத்தில் எண்களுக்கு மதிப்பில்லை.

இதற்கு ஒரு படி மேலே போகலாம். தரை, கூரை, மூன்று சுவர் என ஐந்து தளம். இவற்றுக்கு டெப்த் மேப்பையே பயன்படுத்தாமல், பொருத்திய சமன்பாட்டை மட்டும் வைத்துச் சுத்தமான ஐந்து செவ்வகமாக்கி, டெப்த் மேப்பை மேசைக்கு மட்டும் ஒதுக்குங்கள். 1997 சிக்கிராஃப் கணினி வரைகலை மாநாட்டில் ஹோரி, அன்ஜியோ, அராய் காட்டியது ஒற்றை மறைபுள்ளியை வைத்துப் படத்தை இப்படி ஐந்து முகப் பெட்டியாகப் பிரிப்பதுதான். நேர் எதிரே எடுத்த அறைப் படத்துக்கு இன்றும் இதைவிடச் சுத்தமான முடிவு கிடைக்காது.

தளங்களின் டெக்ஸ்ச்சரில் ஒரே தரம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பின்சுவரை ஒட்டிய ஒரு டைல் படத்தில் 300 பிக்சல் அகலம், ஆனால் உயரம் 83 பிக்சல்தான். அதைச் சதுரமாக விரித்தால் ஒரு திசையில் மட்டும் மங்கும். கூர்மையாக்கும் கருவியைப் போடுவதைவிட, முன்வரிசையில் தெளிவாக உள்ள டைலை நகலெடுத்துப் பின்வரிசையில் ஒட்டுவது மேல். ஆவணமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் செய்யாமல் மங்கலாகவே விடுங்கள்.

---

குறுக்குவழி

சரி, டிஸ்பிளேஸை விட்டுவிடுகிறேன். ஆனால் மீட்டரிலேயே தரும் மாடல்கள் இருக்கின்றனவே? இந்த நகர்வு, பெருக்கி வேலை எல்லாமே மிச்சமாகாதா?

---

புள்ளித்திரள்

ஓரளவு. ஆப்பிளின் டெப்த் ப்ரோ மீட்டரில் ஆழமும் அதோடு குவியத்தூரமும் தருகிறது, விளிம்புகளும் கூர்மை. எக்ஸிஃப் அழிந்த படங்களுக்கு அதில் வரும் குவியத்தூரம் நல்ல தொடக்கம். மைக்ரோசாஃப்டின் மோஜ், டெப்த் மேப்புக்குப் பதில் நேராகப் புள்ளிகளையே தருகிறது. டெப்த் எனிதிங் வி2-இலேயே மீட்டர் பதிப்பு உண்டு: அறைக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று. முதலாவதன் உச்சவரம்பு 20 மீ, இரண்டாவதற்கு 80 மீ. மாற்றிப் போட்டால் அளவு அபத்தமாக வரும்.

ஆனால் எந்த மாடலானாலும் மீட்டர் என்பது ஊகம்தான். பொம்மை வீட்டின் உட்புறத்தை அருகில் வைத்து எடுத்த படமும் பெரிய அறையின் படமும் பிக்சலில் ஒன்றுபோலவே இருக்க முடியும். ஒரே படத்தில் அளவு கிடையவே கிடையாது. அதனால் 60 செமீ டைல் சோதனையைத் தவிர்க்காதீர்கள். டைல்ஸ் இல்லாத படத்தில் ஏ4 தாள் (210×297 மிமீ) போன்ற நிலையான அளவுள்ள எதையாவது தேடுங்கள். கேமராவுக்கு அருகில் இருக்கும் சின்னப் பொருளைவிடத் தரையில் நீளமாகக் கிடக்கும் பொருளே நல்ல அளவுகோல்.

இன்னொரு கண்ணி: சில தரவுகளில் ஆழம் என்பது கேமரா அச்சு வழியான தூரமாக இல்லாமல், கதிர் வழியான நேர்த் தூரமாக இருக்கும். ஹைப்பர்சிம் தரவுத்தொகுப்பு அப்படித்தான். அச்சு வழித் தூரத்தைக் கதிர் வழித் தூரம் என்று எடுத்தால் எதிர்ச்சுவர் கிண்ணமாகும். உங்கள் லென்ஸுக்கு 6 மீட்டரில் உள்ள சுவர் இட, வல ஓரங்களில் 4.99 மீட்டராகவும் மூலைகளில் 4.61 மீட்டராகவும் தெரியும். நடுவில் சரி, நான்கு மூலையும் உங்களை நோக்கி வருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

உரிமத்தையும் பாருங்கள். டெப்த் எனிதிங் வி2-இல் ஸ்மால் மட்டும் அப்பாச்சி 2.0. பேஸும் லார்ஜும் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. பணம் வாங்கிச் செய்யும் வேலை என்றால் லார்ஜ் ஆகாது. அறையைத் தளங்களாகப் பொருத்தப் போகிறீர்கள் என்றால் ஸ்மாலே போதும், பெரிய வித்தியாசம் தெரியாது.

ட்ரைபோஎஸ்ஆர் போன்றவற்றை இதற்கு எடுக்காதீர்கள். அவை தனிப் பொருளுக்கு. பின்னணி நீக்கிய நாற்காலிக்குச் சரி, அறைக்கு அல்ல. பொருளின் பின்பக்கத்தை அவை கற்பனை செய்து நிரப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

தொடுவானம்

வேறு படங்களோடு இந்த இழைக்கு வருகிறவர்களுக்காக ஒன்று. வரைகோலின் படத்தில் அடிவானம் சரியாக நடு வரிசையில் இருந்தது, அதாவது கேமரா சாயவில்லை. உங்கள் படத்தில் அடிவானம் 1300-இல் வந்தால் கேமரா சுமார் 3.8 டிகிரி கீழே பார்க்கிறது. நகர்வைக் கண்டுபிடிக்கும் வழி அப்போதும் மாறாது, ஏனென்றால் அடிவானத்தில் தரையின் 1 ÷ ஆழம் எப்போதும் சுழியம். ஆனால் கேமரா உயரம் = ஆழம் × பிக்சல் ÷ குவியத்தூரம் என்ற எளிய கணக்கு சற்றுப் பிசகும்; ஒவ்வொரு கதிரையும் தரைத் தளத்தோடு வெட்டி எடுங்கள்.

படம் வெட்டப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். வெட்டிய படத்தில் ஒளி மையம் (லென்ஸின் அச்சு படத்தைத் தொடும் இடம்) படத்தின் நடுவில் இராது. மேலே சொன்ன அத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் தப்பும், எதனால் என்றே தெரியாது. கட்டடத்தை நிமிர்த்திக் காட்டும் திருத்தம் செய்த படத்துக்கும் இதே கதி. செய்திச் செயலி வழியாக வந்த படத்தில் எக்ஸிஃபும் இராது, அளவும் சுருங்கியிருக்கும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அகலக்கோண லென்ஸ் என்றால் கூரை விளிம்பின் மேல் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். நடுவில் சில பிக்சலுக்கு மேல் விலகினால் ஹியூஜின் மென்பொருளில் நேர்கோடுகளைக் காட்டி லென்ஸ் வளைவைத் திருத்திய பிறகே மாடலுக்குக் கொடுக்க வேண்டும். ஆழம் எடுத்த பின் திருத்துவது தலைவலி.

தூரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்த அறையின் எண்களே அளவு: கேமரா 1.5 மீ உயரத்தில், அடிவானத்தை 10 பிக்சல் தப்பாக வைத்தால், 6 மீட்டரில் பிழை 8 செமீ. அதே படம் திறந்தவெளியாக இருந்து, தரையில் 30 மீட்டரில் ஒரு புள்ளியை அளந்தால் பிழை 2 மீட்டர்.